தோட்டத்து வானம்

நுழையும்முன்

குழந்தை பிறந்ததும் அதன் நாள்மீனைக் குறித்து வைப்பது தமிழர் வழக்கம். பெயராகவும் திருநாளாகவும் நாவில் வாழும் அம்மீன்களை வானத்தில் இனங்காட்டுவோர் இன்று அருகி வருகின்றனர். கண்ணுக்கு எட்டாத மங்கிய ஒளியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் படமாக்கும் கலை, பெரிய ஆய்வகங்களில் மட்டுமன்றி வீட்டுத் தோட்டங்களிலும் வளர்ந்தது. அக்கலையை நெசவு நகரமாம் காஞ்சிபுரத்தின் தோட்டம் ஒன்றில் வைத்துக் காட்டுகிறது இக்கட்டுரை.

பெயர் அறிந்த மீன்கள்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் இரவு என்பது தறியோசை ஓய்ந்தபின் வருவது. முன்கூடத்தில் குழித்தறி, அடுத்து வாழுமிடம், பின்னே துளசிமாடமும் கிணறும் இரண்டொரு தென்னையும் உள்ள சிறு தோட்டம். அத்தகைய வீடொன்றில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், இரவல் வாங்கிய ஒளிப்படக் கருவியோடு அவள் தோட்டத்துக்கு வருகிறாள். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி கேட்கிறார்.

“இந்நேரத்தில் வானத்தில் என்ன தேடுகிறாய், கண்ணு?”

“உங்கள் பூசத்தைத்தான், பாட்டி.”

பாட்டிக்குச் சிரிப்பு வருகிறது. எழுபது ஆண்டுகளாகக் கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் “பூசம்” என்று சொல்லி வந்தவர் அவர். அந்தப் பூசம் வானத்தில் ஒரு பொருளாக இருக்கிறது என்பதும், அதனை இன்றிரவே காணலாம் என்பதும் அவருக்குப் புதிய செய்திகள்.

இந்நிலை அந்தப் பாட்டிக்கு மட்டும் உரியதன்று. திருமணத்தில் மணமகளுக்கு அருந்ததி காட்டப்படுகிறது. பெரும்பாலும் அது பகற்பொழுதாக இருப்பதால், சுட்டும் விரலும் நோக்கும் கண்ணும் எதையும் காண்பதில்லை. ஒளிவிடும் விண்மீன்களை நாண்மீன் என்றும், அவற்றினூடே இடம்பெயரும் கோள்களைக் கோண்மீன் என்றும் சங்கச் சான்றோர் பிரித்து வழங்கினர். அப்பெயர்களைச் சூட்டியோர் வானத்தை உற்றுநோக்கியவர்கள். பெயர்கள் எஞ்சி நிற்கின்றன. நோக்கும் பழக்கம் மங்கிவிட்டது.

அவற்றுள் சில பெயர்கள் தனி விண்மீனைக் குறிப்பன அல்ல. விண்மீன் கூட்டங்களைக் குறிப்பன. கார்த்திகை அவற்றுள் ஒன்று. வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரிவதால் அது அறுமீன் எனப்பட்டது. கார்த்திகைப் பெண்டிர் அறுவரும் முருகனைப் பாலூட்டி வளர்த்தனர் என்னும் கதையைக் கூறும் கந்தபுராணத்தைக் கச்சியப்ப சிவாசாரியார் அரங்கேற்றியது இதே காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் என்பது வழிவழி வரும் செய்தி. கலிலியோ தம் தொலைநோக்கியைக் கார்த்திகையின் பக்கம் திருப்பியபோது, ஆறு மீன்கள் இருந்த இடத்தில் 36 மீன்களைக் கண்டு வரைந்து 1610இல் வெளியிட்டார். இன்று அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதாக அறியப்பட்டுள்ளது. பாட்டியின் பூசமும் அத்தகையதே. கடக இராசியில் இரண்டு சிறு மீன்களுக்கு இடையில் தெரியும் வெண்புகை போன்ற திட்டு, தொலைநோக்கியில் நூற்றுக்கணக்கான மீன்களாகப் பிரிந்து தெரியும்.

இத்திருப்பெயர்களில் ஒரு விந்தை உண்டு. கார்த்திகைத் தீபமும் தைப்பூசமும் முழுநிலவையொட்டி வருவன. அந்நாள்களில் நிலவு அந்தந்த மீன்கூட்டத்தின் அருகிலேயே நிற்பதால், அதன் பேரொளியில் மீன்கள் மங்கிப் போகின்றன. அவற்றைப் படம் பிடிக்க விரும்புவோர் திருவிழா முடிந்து அமாவாசைவரை காத்திருக்க வேண்டும். பக்தர் கொண்டாடும் நாளும் நோக்கர் தேடும் நாளும் ஏறத்தாழ இரு வார இடைவெளியில் அமைகின்றன.

ஈலிங் நகரின் தோட்டம்

மங்கிய வான்பொருளைப் படம் பிடிக்கும் முயற்சி தொழில்முறை வானியலாளரிடம் மட்டும் தொடங்கவில்லை. அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர், 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று தம் சொந்த ஆய்வகத்திலிருந்து ஒரையன் ஒண்முகிலை முதன்முதலாகப் படம் பிடித்தார். ஒண்முகில் என்பது விண்மீன்களுக்கு இடையே பரவியுள்ள வளியும் தூசும் கலந்த பெரும் முகில். நெபுலா என்றும் வழங்கும். 51 நிமிடம் ஒளி வாங்கிய அந்தப் படத்தில் முகிலின் ஒளிமிக்க பகுதி பதிந்தது. கண்ணால் கண்டதைத் தகடும் கண்டது என்பதே அதன் சிறப்பு.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஆண்ட்ரூ எயின்சிலி காமன் என்னும் ஆங்கிலேயர். அவர் நலவாழ்வுப் பொறியாளர். கட்டடங்களுக்குக் குழாய் அமைக்கும் நிறுவனத்தில் பணிபுரிந்து வாழ்ந்தவர். இலண்டனுக்கு அருகில் ஈலிங் என்னும் ஊரில், தம் வீட்டின் பின்புறத் தோட்டத்திலேயே 36 அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கியை நிறுவினார். பகலில் தொழில், இரவில் வானம். 1883இல் அத்தோட்டத்திலிருந்து ஒரையன் ஒண்முகிலை அவர் பலமுறை படம் பிடித்தார். சில தகடுகளுக்கு 60 நிமிடம்வரை ஒளி ஊட்டினார்.

தகடுகளைக் கழுவிப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பவருக்குப் புலப்படாத விண்மீன்களும் முகிலின் விளிம்புகளும் தகட்டில் பதிந்திருந்தன. கண் எத்தனை நேரம் உற்றுநோக்கினாலும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை; ஒவ்வொரு கணமும் வந்த ஒளியை அவ்வப்போதே செலவழித்துவிடும். தகடு சேமிக்கும். ஒரு மணி நேரம் துளித்துளியாய் விழுந்த ஒளி அதில் மறையாமல் தங்கியது. அறிவின் கருவியாகக் கண்ணுக்கு இருந்த தனியுரிமை அத்தோட்டத்தில் முடிவுற்றது. இலண்டன் அரச வானியல் கழகம் 1884இல் காமனுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அத்தொலைநோக்கி பின்னர் வேறொருவர் கைக்கு மாறி, 1895இல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தை அடைந்தது. அதனைக் கொண்டு ஜேம்ஸ் கீலர் எடுத்த படங்கள், சுருள்வடிவ ஒண்முகில்கள் வானெங்கும் மிகுதியாக இருப்பதை உலகுக்கு உணர்த்தின. அச்சுருள்கள் நமது பால்வீதி போன்ற தனித்தனி விண்மீன் மண்டலங்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

தெரிந்து தெளிவோம்

தமிழகத்தின் வானாய்வும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786இல் சென்னை எழும்பூரில் தம் இல்லத்தில் ஒரு தனி ஆய்வகத்தை அமைத்தார். அதுவே 1792இல் நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வகமாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ‘ஆர் ரெட்டிகுலி’ என்னும் விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867இல் கண்டறிந்தார்.

சுழலும் தரையில் நிலைபெறுதல்

காஞ்சிபுரத்து மாணவியிடம் 36 அங்குல ஆடி இல்லை. ஆயினும் காமனுக்கு இல்லாத ஒன்று அவளிடம் உண்டு. இன்றைய எண்மக் கருவியின் உணரி, அன்றைய தகட்டைவிடப் பன்மடங்கு ஒளியுணர்வு மிக்கது. அவளுடைய முதல் இடையூறு கருவியில் இல்லை. அவள் நிற்கும் தரையில் இருக்கிறது.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. அதனால் விண்மீன்கள் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றன. முக்காலியில் கருவியை அசையாமல் நிறுத்தி, 50 மில்லிமீட்டர் வில்லையின் வழியே ஐந்து நொடிக்கு மேல் ஒளி வாங்கினால், புள்ளியாக விழ வேண்டிய மீன் கோடாக இழுபடத் தொடங்கும். நிலையாகப் படம் பிடிக்க வேண்டுமாயின், பூமி ஒரு புறம் சுழலும் அதே வேகத்தில் கருவி மறுபுறம் சுழல வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த பொறிகள் கடைகளில் உண்டு. ஒரு தச்சர் அரைநாளில் செய்து தரக்கூடிய எளிய பொறியும் உண்டு. இரண்டு பலகைகளை ஒரு கதவுக்கீலால் இணைக்க வேண்டும். கீழ்ப்பலகையை முக்காலியில் பொருத்தி, மேற்பலகையில் ஒளிப்படக் கருவியை ஏற்ற வேண்டும். கீலிலிருந்து ஏறத்தாழ 229 மில்லிமீட்டர் தொலைவில், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் திருகாணியைச் செருகி, நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் திருக வேண்டும். அவ்வளவுதான்; மேற்பலகை பூமியின் சுழற்சியை ஈடுசெய்து மெல்லத் திறந்துகொண்டே போகும். இக்கணக்கு எவரும் சரிபார்க்கக் கூடியதே. பூமி ஒரு நிமிடத்தில் திரும்பும் கோணம் 0.004375 ரேடியன். ஒரு மில்லிமீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் 229 வந்துவிடும். பதினோராம் வகுப்புக் கணிதம் தோட்டத்தில் ஒரு பலகையாக மாறி நிற்கிறது.

இங்கு ஒரு நிபந்தனை உண்டு. கீலின் அச்சு துருவ விண்மீனை நோக்கி இருக்க வேண்டும். ஓர் ஊரிலிருந்து பார்க்கத் துருவ விண்மீன் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ, ஏறத்தாழ அதுவே அவ்வூரின் குறுக்குக்கோடு. காஞ்சிபுரத்தின் குறுக்குக்கோடு 13 பாகைக்குச் சற்றுக் குறைவு. எனவே இலண்டனில் பாதி வானத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் துருவ விண்மீன், காஞ்சியில் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கிறது. மாடி வீடுகளும் மரங்களும் அதனை எளிதில் மறைத்துவிடும். கோயில் நகரத்துக்கு இன்னொரு மறைப்பும் உண்டு. ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரம் ஏறத்தாழ 59 மீட்டர் உயரம். அதற்கு நேர் தெற்கே ஏறத்தாழ 250 மீட்டருக்குள் நிற்பவருக்குக் கோபுரமே துருவ விண்மீனுக்குத் திரையாகிவிடும்.

அத்தகைய இடங்களில் நோக்கர்கள் வேறு வழி கொள்வர். திசைகாட்டியைக் கொண்டு பொறியை ஏறத்தாழ வடக்கு நோக்கி நிறுத்திவிட்டு, தெற்கே உச்சியை நெருங்கும் ஒரு மீனைச் சில நிமிடங்கள் கவனிப்பர். அது மெல்ல மேலேறினாலோ கீழிறங்கினாலோ பொறியைக் கிழக்கிலோ மேற்கிலோ சற்றுத் திருப்புவர். பின்னர்க் கிழக்கே ஒரு மீனைக் கவனித்துச் சாய்வைத் திருத்துவர். துருவ மீன் கண்ணுக்குத் தெரியாவிடினும், பிற மீன்களின் நடையே அது இருக்குமிடத்தைச் சொல்லிவிடுகிறது.

தாழ்ந்த துருவம் ஓர் இழப்பு மட்டுமன்று. வடக்கு தாழும்போது தெற்கு உயர்கிறது. ஈலிங்கில் என்றும் உதிக்காத தென்வானச் செல்வங்கள் காஞ்சிக்குத் தெரியும். சித்திரை, வைகாசி இரவுகளில் ஒமேகா செந்தாரி என்னும் கோளகக் கூட்டம் தெற்கே 30 பாகை உயரம்வரை எழும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்தாகத் திரண்ட அக்கூட்டத்தை ஈலிங் தோட்டத்தில் நின்றவர் பார்த்திருக்க முடியாது.

இழை மேல் இழை

பொறி ஒழுங்காக நின்றதும் மாணவி கருவியை ஒரையனின் பக்கம் திருப்புகிறாள். மூன்று மீன்கள் வரிசையாய் நிற்பது வேட்டைக்காரன் இடைவார். அதன் வடக்கே செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. இடைவாருக்குச் சற்றுத் தெற்கே, உறையிட்ட வாள்போல் தொங்கும் சிறு மீன்களின் நடுவில் இருப்பதே அந்த ஒண்முகில்.

அவள் 30 நொடி ஒளிவாங்கி ஒரு படம் எடுக்கிறாள். நடுவில் மங்கலாய் ஒரு கறை. சுற்றிலும் மணல் தூவியது போன்ற புள்ளிகள். ஏமாற்றம் தரும் படம். ஆனால் அவள் நிறுத்தவில்லை. இன்னொன்று, மற்றொன்று, நூறு படங்கள். இடையிடையே பொறியைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, மீண்டும் திருகாணியைச் சுற்றுகிறாள். 50 நிமிட ஒளி நூறு துண்டுகளாகச் சேர்கிறது. பின்னர்க் கணிப்பொறி அந்நூறு படங்களிலும் மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. மணல் அடங்குகிறது. கறை விரிகிறது. சிறகு விரித்த பறவையைப் போன்று செந்நிற முகில் வெளிப்படுகிறது.

இதில் மாயம் ஏதுமில்லை. முகில் மெய்யாகவே வானில் இருப்பதால் நூறு படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. இரைச்சல் எனப்படும் அப்புள்ளிகள் தற்செயலானவை. ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் தோன்றுபவை. கூட்டும்போது முகிலின் ஒளி நூறு மடங்காகிறது. இரைச்சலோ நூறின் வர்க்கமூலமான பத்து மடங்கே ஆகிறது. எனவே படத்தின் தெளிவு பத்து மடங்கு உயர்கிறது. இன்னும் இரு மடங்கு தெளிவு வேண்டுமாயின் இரு மடங்கு உழைப்புப் போதாது. நான்கு மடங்கு வேண்டும். பொறுமைக்கு இவ்வளவு துல்லியமான கணக்கைப் பிற துறைகளில் காண்பது அரிது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இக்கணக்கு அயலானதன்று. முன்கூடத்துத் தறியில் பாவு விரிந்து கிடக்கிறது. நாடா ஒருமுறை ஓடினால் ஓர் ஊடை இழை விழும். அவ்விழையைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. ஆயிரக்கணக்கான இழைகள் தத்தம் இடத்தில் பிசகாமல் விழுந்த பின்னரே முந்தானையில் உரு எழுகிறது. கரைக்கு ஒரு நிறமும் உடலுக்கு ஒரு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலையில், ஒவ்வோர் ஊடையிலும் இருநிற இழைகளைக் கோத்துப் பிணைக்க இருவர் இணைந்து உழைக்க வேண்டும். ஓரிழை தவறினால் இணைப்பில் தெரிந்துவிடும். தந்தையின் தறிக்கும் மகளின் படத்துக்கும் பொதுவானது ஒன்றே: தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாததை, இடம் தவறாமல் அடுக்கிக்கொண்டே போகும் துணிவு.

படம் சொல்வது மெய்யா?

மறுநாள் அப்படத்தைக் காணும் ஒரு வகுப்புத் தோழி கேட்கக்கூடும்: “தொலைநோக்கியில் பார்த்தால் இது சாம்பல் நிறமாகத்தானே தெரிகிறது? சிவப்பை நீயே தீட்டினாயா?”

தவிர்க்கக்கூடாத கேள்வி இது. மனிதக் கண்ணில் நிறமறியும் செல்களுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது. எனவே சாம்பல் நிறம் முகிலின் நிறமன்று, கண்ணின் எல்லை. முகிலில் உள்ள ஹைட்ரஜன் வளி, அருகிலுள்ள இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிரால் தூண்டப்பட்டு, 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியை உமிழ்கிறது. அச்சிவப்பு மெய்யானது. உண்மையில், கடைகளில் கிடைக்கும் ஒளிப்படக் கருவிகள் அச்செவ்வொளியின் பெரும்பகுதியை உள்ளிருக்கும் வடிகட்டியால் தடுத்துவிடுகின்றன. படத்தில் இருப்பது வானில் உள்ளதைவிடக் குறைவேயன்றி மிகையன்று.

ஆயினும் இக்கலையில் பொய்க்கும் இடமுண்டு. கணிப்பொறியில் நிறத்தை அளவுக்கு மீறி ஏற்றலாம். இல்லாத மீனை ஒட்டலாம். பிடிக்காத மீனை அழிக்கலாம். எனவே நேர்மையான நோக்கர் கழிக்க வேண்டிய பிழைகளையும் அளந்தே கழிப்பர். வில்லையை மூடிவிட்டு அதே நேர அளவில் இருட்படங்கள் சிலவற்றை எடுப்பர். அவற்றில் தெரியும் புள்ளிகள் வானத்தைச் சேர்ந்தவை அல்ல. உணரியின் வெப்பத்தால் பிறந்தவை. காஞ்சியின் வெக்கையான இரவுகளில் அவை மிகும். வில்லையின்மேல் தூய வெள்ளைத் துணியைச் சீராகப் போர்த்தி, பகலொளியில் ஒரு படம் எடுத்தால், வில்லையின் தூசும் ஓரங்களின் மங்கலும் பதிவாகும். தன் கருவியின் குறைகளைத் தானே அறிந்து, அவற்றைக் கழித்த பின்னரே வானைப் பற்றிப் பேசுவது இவ்வழக்கத்தின் அறம். நூறு முறை கேட்டாலும் மாறாத விடையே மெய் என்பதை மாணவி தோட்டத்தில் கற்கிறாள்.

ஒளியை மறைக்கும் ஒளி

இத்தனை உழைப்புக்கும் அப்பால் அவளை வெல்லும் ஒரு தடை உண்டு. பூசத்தின் பக்கம் கருவியைத் திருப்பினால், படம் முழுவதும் வெளிர்மஞ்சள் பூசியது போலாகிறது. அது தெருவிளக்கு, கடை விளம்பரம், மண்டப விளக்கு ஆகியவற்றின் ஒளி. தரையை நோக்கிச் செல்ல வேண்டிய ஒளியின் ஒரு பகுதி வானை நோக்கிச் சென்று, காற்றிலுள்ள தூசிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. முன்னாளில் தெருக்களில் எரிந்த சோடியம் விளக்குகள் பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் ஒளிர்ந்தன. வடிகட்டியால் அவ்வொளியை ஓரளவு விலக்க முடிந்தது. இப்போதைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளோ எல்லா நிறங்களிலும் ஒளி வீசுவதால் அவற்றை விலக்குவது கடினம்.

உலகின் நிலையும் இதுவே. செயற்கை ஒளியின் பரவலை அளந்து 2016இல் வெளியிடப்பட்ட உலக வரைபடத்தின்படி, மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒளியால் மாசுற்ற வானத்தின் கீழ் வாழ்கின்றனர். மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் பால்வீதியைக் காண இயலாதவர்கள்.

இருளைத் தேடியே தமிழகத்தின் வானாய்வும் இடம்பெயர்ந்தது. சென்னை வானாய்வகத்தின் வழித்தோன்றலாகக் கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. 1960இல் அதன் இயக்குநரான வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய்வதற்குத் தெளிந்த, இருண்ட வானமுள்ள புதிய இடத்தைத் தேடினார். சவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரைத் தேர்ந்தார். கொடைக்கானல் பணிமனையிலேயே உருவாக்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு 1968இல் அங்குப் பணி தொடங்கியது. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. அது நிறைவுறுமுன் 1982இல் அவர் மறைந்தார். 1986 முதல் அத்தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காவலூரும் காஞ்சியும் ஏறத்தாழ ஒரே குறுக்குக்கோட்டில் உள்ளவை. இரண்டு ஊர்களுக்கும் உதிப்பவை ஒரே மீன்கள். ஒன்றில் அவை தெரிகின்றன, மற்றொன்றில் மறைகின்றன. வேற்றுமை வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. இதனை உணர்ந்தே, இலடாக்கில் ஆன்லே வானாய்வகத்தைச் சூழ்ந்த பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இதற்காக விளக்கே வேண்டாம் என்பது பொருளன்று. இரவில் நெய்யும் தந்தைக்கு இழை தெரிய வேண்டும். தெருவில் நடக்கும் பெண்ணுக்கு வழி தெரிய வேண்டும். தேரோடும் வீதிக்கு விழாவொளி வேண்டும். வேண்டியது ஒளியின் ஒழுங்கே. விளக்கின் மேற்புறத்துக்கு மூடி இட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்பினால், குறைந்த மின்சாரத்திலேயே தெரு நன்கு தெரியும், வானமும் மீளும். நீரையும் காற்றையும் தூய்மை செய்யத் தலைமுறைகள் வேண்டியிருக்கலாம். ஒளிமாசு அவ்வாறன்று, விளக்கைத் திருத்திய அன்றிரவே நீங்கிவிடும்.

பாட்டியின் பூசம்

நள்ளிரவை நெருங்கும்போது பூசம் உச்சிக்கு வருகிறது. மாணவி நூறு படங்களையும் எடுத்து முடித்து, கணிப்பொறியில் கூட்டிப் பாட்டிக்குக் காட்டுகிறாள். கருநீலத் திரையில் சரிகைப் புட்டாக்களைச் சிதறியது போல மீன்கள். அவற்றுள் சில பொன்னிறம், பல வெண்ணிறம்.

“இத்தனையுமா பூசம்?”

“ஆமாம் பாட்டி. இந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு ஆகிறது.”

பூசத்தின் ஒளி புறப்பட்டபோது தென்னகத்தை விசயநகர வேந்தர் ஆண்டனர். ஒரையன் முகிலின் ஒளி அதற்கும் முந்தியது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன், காஞ்சி பல்லவரின் தலைநகராய் விளங்கிக் கைலாசநாதர் கோயிலின் கற்கள் செதுக்கப்பட்ட காலத்தை ஒட்டிப் புறப்பட்டது. அத்தனை தொலைவையும் கடந்து வந்த ஒளி, தோட்டத்தை அடையும் கடைசிக் கணத்தில் ஒரு மின்விளக்கால் தோற்றுப்போகிறது.

பாட்டி படத்தை நெடுநேரம் பார்க்கிறார். பின்னர் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார். படத்தில் இருப்பது வானில் தெரியவில்லை. கிணற்றடியில் விடிய விடிய எரியும் விளக்கைக் கைகாட்டி, “அதை அணை” என்கிறார்.

இருட்டுக்குக் கண் முழுதும் பழக 20 முதல் 30 நிமிடங்கள் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டியும் பேத்தியும் திண்ணையில் அமர்ந்து காத்திருக்கின்றனர்.